வேட்டியை மடிக்காமல் ஏறிய கோட்டை

திண்டுக்கல் மலைக்கோட்டையைக் கட்டியவர்கள் எதிரியைவிட மழையைப் பற்றித்தான் அதிகம் யோசித்திருக்கிறார்கள். சரித்திரம் படித்தவர்கள் வேறு மாதிரி சொல்லலாம். நான் பள்ளிக்கூடத்தோடு நின்றவன். ஆனால் கொச்சி மட்டாஞ்சேரியில் நகரசபை ஓடைகளைக் கட்டியும் தூர் வாரியும் பிழைத்தவன். தண்ணீர் எந்தப் பக்கம் போகப் பார்க்கும் என்பது எனக்குத் தெரியும்.

எங்கள் ஊரில் அது எந்தப் பக்கமும் போகாது. கடல் ஏறும் நேரத்தில் காயல் நீர் ஓடைக்குள் திரும்பி வரும். இறங்கும்போது பாதிதான் வெளியே போகும். மீதி கொசுவுக்கு. அந்தக் கொசுவால் வரும் யானைக்கால் நோய் எங்கள் தெருவிலும் பள்ளுருத்திப் பக்கமும் அப்போது சாதாரணம். நாங்கள் மந்து என்போம். என் அம்மாவுக்கு இடது காலில் இருந்தது.

எண்பதுகளின் தொடக்கத்தில் எனக்குப் பெண் தேடினார்கள். அப்பா அதற்குள் போய்விட்டார். அவர் பிறந்த பக்கம் என்பதால் திண்டுக்கல்லில் தேடினோம். "கொச்சியா? காலு வீங்குற ஊராச்சே" என்று இரண்டு வீடுகளில் கேட்டதோடு பேச்சு நின்றுபோனது. இது மூன்றாவது வீடு. பெண்ணின் அப்பா மலைக்கோட்டையில் காவல்காரர்.

தரகர் பஸ் நிலையத்திலேயே அம்மாவைப் பிடித்துக்கொண்டார். "பையன் காலு சுத்தம்னு சொல்லிட்டேன். உங்க காலப் பத்தி நான் வாயே தொறக்கல. சேலைய நல்லா எறக்கிக் கட்டிக்கிட்டு, உக்காந்த எடத்தவிட்டு எந்திரிக்காதீங்கம்மா."

அம்மா அவரை விட்டுவிட்டு என்னிடம்தான் திரும்பினாள். "எடா, பெரியவங்க முன்னாடி முண்டு மடக்கிக் குத்தாதே, கேட்டியா."

எங்கள் பக்கத்தில் அதுதான் மரியாதை. வேட்டியை மடித்துக் கட்டி நிற்பவன் எதிரே பெரியவர் வந்தால் சட்டென்று இறக்கிவிடுவான். நான் கணுக்கால் மறைய இறக்கிவிட்டபடியே அந்த வீட்டுக்குள் போனேன்.

காபி வந்தது. கொண்டுவந்த பெண்ணின் கைகளை மட்டும் பார்த்தேன். அதற்கு மேல் நிமிர எனக்குக் கூச்சம். தரகர் சொன்னபடி அம்மா ஒரு மூலையில் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். பெண்ணின் அப்பா எழுந்து துண்டை உதறினார்.

"எனக்கு மேல ஒரு நடை போகணும். தம்பியும் வரட்டுமே. கோட்டையப் பாத்தாப்புல ஆச்சு."

பெண்ணின் அண்ணனும் கிளம்பினார். நாலு பேர் பார்க்க உட்கார்ந்திருப்பதைவிட மலை ஏறுவது மேல் என்று எனக்கு நிம்மதி. எதற்காக ஏறச் சொல்கிறார்கள் என்று தோன்றவே இல்லை.

ஐப்பசி மாதம். தூறிக்கொண்டிருந்தது. பாறையிலேயே வெட்டிய படிகள் உயரம் குறைந்து அகலமாக இருந்தன. "பாரம் தூக்கிட்டு ஏறுறவனுக்கு வெட்டுனது" என்றார் காவல்காரர். நான் வேட்டியின் கரையை ஒரு விரற்கடை தூக்கிப் பிடித்துக்கொண்டு ஏறினேன்.

"மடிச்சுக் கட்டுங்க தம்பி, தடுக்கும்" என்றார் அண்ணன்.

"வேண்டாம்."

"நனையுது பாருங்க."

"நனையட்டும்."

"ஏன், கொச்சியில வேட்டிய மடிச்சா வரி போடுறாங்களா?"

நான் சிரித்து வைத்தேன். காவல்காரர் சிரிக்கவில்லை. திரும்பி என் பாதத்தைப் பார்த்துவிட்டு ஏறினார்.

அவருக்குக் கோட்டையின் கதை மனப்பாடம். மதுரை நாயக்கர்கள் தொடங்கினார்கள், மைசூர்க்காரர்கள் வந்து பலப்படுத்தினார்கள், கடைசியில் வெள்ளைக்காரர்கள் பிடித்தார்கள். எனக்கு யார் பிடித்தார் என்பதைவிட எப்படிக் கட்டினார் என்பதில்தான் கண் போனது. கீழே கல், மேலே செங்கல், நடுவில் சுண்ணாம்பு. மதில் நேர்கோட்டில் ஓடவில்லை. பாறையின் விளிம்பு எப்படி வளைகிறதோ அப்படியே வளைந்தது. பாறை செங்குத்தாக இருந்த இடத்தில் மதிலைக் குறைத்திருந்தார்கள். சரிவு இருந்த இடத்தில் உயர்த்தியிருந்தார்கள். ஒரு கல்லைக்கூட வீணாக்காதவன் செய்த வேலை. துப்பாக்கித் துவாரங்கள் உள்ளே அகலமாக, வெளியே குறுகலாக இருந்தன. வீரர்கள் தங்கிய அறைகளின் கூரையில் ஒரு மரம் கிடையாது, எல்லாம் செங்கல் வளைவு. அங்கே நின்று மேலே தட்டிப் பார்த்தேன்.

"என்ன, கோட்டைய வெலைக்குக் கேக்கவா வந்தீங்க?" என்றார் அண்ணன்.

உச்சியில் ஒரு கோயில். கருவறையில் சாமி இல்லை. அதைத் தாண்டிப் போனபோதுதான் நான் உண்மையிலேயே நின்றுவிட்டேன். பாறை முழுவதும் கையகல ஓடைகளைக் கொத்தியிருந்தார்கள். எங்கே மழை விழுந்தாலும் அது சுனைக்குப் போய்ச் சேரும்படி வாட்டம். எங்கள் ஊரில் அந்த வாட்டத்துக்காக நான் மட்டப்பலகையோடு நாள் முழுக்கக் குனிந்து கிடப்பேன். வெடிமருந்து எவ்வளவு இருந்தாலும், குடிக்கத் தண்ணீர் இல்லாத கோட்டையைச் சண்டை போட்டுப் பிடிக்க வேண்டியதில்லை. உள்ளே இருப்பவனே இறங்கி வந்துவிடுவான். இதை வெட்டியவனுக்கு அது தெரிந்திருந்தது.

ஓர் ஓடையில் இலையும் சேறும் அடைத்து, தண்ணீர் பக்கவாட்டில் வழிந்து மதிலின் காலடிக்குப் போய்க்கொண்டிருந்தது. அப்படி விட்டால் சுண்ணாம்பு கரையும், அப்புறம் செங்கல் ஒவ்வொன்றாகக் கழலும். நான் யோசிக்கவில்லை. வேட்டியைத் தொடை வரைக்கும் மடக்கிக் குத்திக்கொண்டு இறங்கி, கையாலேயே சேற்றை வாரிப் போட்டேன். தண்ணீர் ஒரு கணம் தேங்கி, பிறகு சுனையைப் பார்த்து ஓடியது.

நிமிர்ந்தால், இருவரும் தண்ணீரைப் பார்க்கவில்லை. என் கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அப்பா, குச்சி மாதிரில்ல இருக்கு!" என்று அண்ணன் கத்தினார்.

காவல்காரர் மூச்சு விட்டார். "அடப் பாவி, இத அடிவாரத்துலயே மடிச்சிருக்கக் கூடாதா? வேணாம்னு சொல்லிரலாம்னு பாதி மலையில முடிவு பண்ணிட்டேனே."

எனக்கு முகம் சுட்டது. "பெரியவங்க முன்னாடி மடக்கினா மரியாதை இல்லைன்னு…" என்று இழுத்தேன். அண்ணன் மதிலைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

அத்தோடு வாயை மூடியிருந்தால் காரியம் முடிந்திருக்கும். தரகர் சொன்னதும் அதுதான். எனக்கு யாரிடமும் பேச வராது. அன்று வந்தது.

"எனக்கு இல்ல. அம்மாவுக்கு இடது கால்ல மந்து உண்டு. கல்யாணம் கழிஞ்சு வந்து பாத்து வருத்தப்பட வேண்டாம். இப்பவே அறியணும்."

சிரிப்பு நின்றது. காவல்காரர் கேட்டார். "காய்ச்சல் வருமோ?"

"இடைக்கிடைக்கு வரும். அப்ப காலைக் கழுவித் துடைச்சு விடறது நான்தான்."

"நீங்களா?"

"நான்தான்."

"எம் பொண்ணக் கேக்கணும்" என்றார். இறங்கும்போது "வழுக்கும், பாத்து" என்பதைத் தவிர வேறு பேச்சில்லை. வேட்டியை இறக்க எனக்கு ஞாபகமே வரவில்லை.

வீட்டு முன்னறையில் அம்மாவைக் காணோம். கொல்லையில் துணி துவைக்கும் கல்மேல், சேலையை முழங்கால் வரை ஏற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வீங்கிய கால் ஒரு குண்டானில் வெந்நீருக்குள் இருந்தது. நாங்கள் தெரு தாண்டியதுமே அவள் எழுந்து, பெண்ணைக் கூப்பிட்டு, தானாகவே காட்டிவிட்டாளாம். பெண் செம்பால் மொண்டு ஊற்றிக்கொண்டிருந்தாள்.

காவல்காரர் கொல்லை வாசற்படியிலேயே நின்றார்.  பெண் தலையைத் திருப்பாமலே பேசினாள்.

"அப்பா, கொச்சியில கொசுவலை இல்லாம படுக்கவே கூடாதாம். அத்தை சொல்றாங்க. இங்கயே ரெண்டு வாங்கிரலாமா?"

அவர் நனைந்த துண்டைப் பிழிந்தார். "மூணா வாங்கு. நானும் வந்து போகணும்ல."