குட்டைக்குப் போற வழி

எனக்கு எழுபது தாண்டிடுச்சு. வளத்தது நாலு புள்ளைங்க. ஆடு மேய்ச்சுதான் நாலு பேரையும் படிக்க வெச்சேன். ஒருத்தர் கையிலயும் கோலைக் குடுத்து ஆட்டுப் பின்னால அனுப்பினதில்ல. அதுல எனக்கு ரொம்பப் பெருமை.

எங்க ஊரை ஒட்டின காட்டுக்குள்ள ஒரு குட்டை இருக்குது. கோடையில ஊர் ஆடெல்லாம் அங்கதான் தண்ணி குடிக்கும். போன வருசம் வனத்துறைக்காரங்க வந்தாங்க. புதுசா கன்னு நட்டு, சுத்தி கம்பி வேலி போடப்போறோம், உங்க ஊர் வனக் குழுவுலேர்ந்து திண்டிவனத்து ஆபீசுக்கு வந்து உங்க கருத்தைச் சொல்லுங்கன்னாங்க. குழுவுல நானும் ஒருத்தி. வேலி போடட்டும், குட்டைக்குப் போற வழியை மட்டும் விட்டுடச் சொல்லுன்னு ஊரே சொல்லிச்சு.

கூட்டம் வெச்ச நாளு, ஆடித் திருவிழாவுக்குக் காப்பு கட்டின மறுநாள். காப்பு கட்டிட்டா, கூழ் ஊத்தி முடியறவரைக்கும் ஊர்க்காரங்க எல்லையத் தாண்டக்கூடாது. தேதிய மாத்துங்கன்னு போன்ல கேட்டோம். "மேல முடிவாயிடுச்சும்மா"ன்னாரு ஆபீசரு, மரியாதையாத்தான்.

"விழுப்புரத்துல இருக்கிற உன் பெரியவனை அனுப்பு. அவன் காப்புல சேத்தி இல்ல"ன்னாரு நாட்டாமை. எனக்குத் தலை நிமிந்துச்சு. உடனே போன் போட்டேன்.

"வழி விடச் சொல்லணும், அவ்ளோதானம்மா? சொல்லிட்டு ஜல்தியா வந்துர்றேன்"னான்.

சொல்லவும் சொன்னான். எந்த வழின்னு மேப்பை விரிச்சுக் கேட்டிருக்காங்க. அவனுக்குத் தெரிஞ்சது தார் ரோட்டுலேர்ந்து பைக் போற வழி. அதைத் தொட்டுக் காட்டி, கையெழுத்தும் போட்டுட்டான். இப்போ வேலியோட கேட்டு மேற்கால நிக்குது, குட்டை கிழக்கால கோடியில கெடக்குது. நடுவுல முழுக்கக் கன்னு. ஆட்டை உள்ள விட முடியாது.

"ஏன் அத்தே, உன் புள்ளதான் வழி வாங்கிக் குடுத்துட்டானே. ஆட்டையெல்லாம் பைக்குல ஏத்திக்கினு போவலாமா?"ன்னா பக்கத்து வீட்டுக்காரி.

நான் சிரிச்சுக்கினே நின்னேன். அவனை என்னான்னு திட்டறது? ஒரு லீவு நாள்லயாவது ஆட்டுப் பின்னால கூட்டிக்கினு போயிருந்தா, கண்ணை மூடிக்கினு கிழக்காலன்னு சொல்லியிருப்பான். இந்தக் கோடையில பாதி ஆட்டை வித்துட்டேன். மிச்சத்துக்குப் பம்புலேர்ந்து குடம் குடமாத் தூக்கி ஊத்தறேன்.

அடுத்த கூட்டத்துக்கு நானே போவேன். எப்ப வெப்பாங்கன்னுதான் தெரியல.

பெரியவன் என் பேத்தியக் கூட்டிக்கினு வந்திருக்கான். காலையில அவளுக்கு அந்தக் குட்டையை வேலிக்கு இந்தாண்ட இருந்தே காட்டினேன்.

இங்க வா கண்ணு. இது ஆயா எழுத்துக் கூட்டி எழுதினது, சரியா இருக்குதான்னு படிச்சுக் காட்டு. மெதுவாப் படி. உங்கப்பன் உள்ளதான் படுத்திருக்கான்.