வஹிதா டீச்சரின் அட்டைகள்

போன வருடம் நடத்திய பின்னத்துக்கும் இந்த வருடம் நடத்தும் பின்னத்துக்கும் என்ன வித்தியாசம்? 1983 ஜூன் மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் வஹிதா டீச்சருக்கு இந்தச் சந்தேகம் வந்தது. பாப்பிரெட்டிப்பட்டியை அடுத்த தொடக்கப் பள்ளியில் அவருக்கு மூன்று வகுப்புகள். எல்லாப் பாடங்களுக்கும் வாராவாரம் குறிப்பு எழுதி, திங்கள் காலை தலைமையாசிரியர் ராஜப்பனிடம் கையெழுத்து வாங்க வேண்டும். அதிலேயே ஞாயிறு தீர்ந்துவிடும். அன்று பழைய நோட்டைப் பார்த்து எழுதிக்கொண்டிருந்தார். தேதியைத் தவிர எதுவும் மாறவில்லை.

மாறாததை ஏன் திரும்ப எழுத வேண்டும்? அப்படியானால் மாறுவது எது?

கணவர் தாவூதின் துணிக்கடையில், சட்டைகளுக்குள் விறைப்புக்காக வைத்துவரும் வெள்ளை அட்டைகள் கிடந்தன. அவற்றை வெட்டி எண் போட்டு, அட்டைக்கு ஒரு பாடம் எழுதினார். பின்பக்கம் காலி. பாடம் முடிந்ததும் அங்கே ஒரே வரி: பிள்ளைகள் என்ன கேட்டார்கள், எங்கே தடுமாறினார்கள். அடுத்த வருடம் அதே அட்டை, பின்னால் இன்னொரு வரி. ஞாயிற்றுக்கிழமை வேலை ஒரு மணி நேரத்துக்குச் சுருங்கியது.

சித்தேரி மலைப் பள்ளியில் வேலை பார்த்த லூர்து மேரி திங்கள்கிழமை பஸ்ஸுக்குப் போகும்போது பத்து அட்டை வாங்கிப் போவார். வெள்ளிக்கிழமை தன் வரியையும் சேர்த்துத் திருப்பித் தருவார். நாற்பத்தொன்றாம் அட்டை, லிட்டர் பற்றியது. அதன் பின்னால், ‘லிட்டர் என்றால் முழிக்கிறார்கள். வள்ளப் படியில் தானியம் அளப்பதிலிருந்து தொடங்கினேன், புரிந்துகொண்டார்கள்’ என்று எழுதியிருந்தார்.

எல்லா அட்டையும் சிறப்பு என்று சொல்வதற்கில்லை. சிலவற்றில் பாடத்தைவிடச் சோம்பலே தெரியும்.

"நோட்டு இல்லைன்னா மெமோதாங்க டீச்சர். தயாரிக்காம நடத்தறாங்கன்னு சர்வீஸ் புக்குல ஏறிரும்" என்று ராஜப்பன் எச்சரித்திருந்தார்; அதற்குமேல் வற்புறுத்தவில்லை. மூன்றாம் வருடம் ஆய்வுக்கு அதிகாரி வந்தார். அட்டைகளைப் போட்டு வஹிதா நீட்டிய பெட்டியைக் கிளறினார்.

"இதென்னங்கம்மா, சீட்டுக்கட்டா? பழைய குறிப்பு. பாதி வேற யாரோ கையெழுத்து!"

"மலைப் பள்ளி டீச்சருதுங்க சார்."

"அப்ப உங்க தயாரிப்பு எது?" கைக்கு வந்த ஒன்றை உருவினார். நாற்பத்தொன்று. "இதை நடத்துங்க, பாக்கறேன்."

வஹிதா லிட்டர் படியில் கேழ்வரகை நிரப்பி, மேலே தட்டிச் சமமாக்கினார். முன்வரிசையிலிருந்த காவேரி எழுந்தாள்.

"டீச்சர், எங்க வூட்ல வள்ளத்துல கோபுரமா குவிச்சுத்தான் அளப்பாங்க. இதுல தலைய தட்டிட்டீங்களே, அந்தக் கோபுரம் எவ்ளோங்க?"

அட்டையின் எந்தப் பக்கத்திலும் இதற்குப் பதில் இல்லை.

"தெரியாதே காவேரி. அளந்துதான் பாக்கணும்."

படியைக் குவித்தார்கள். மேலே நின்றதை வழித்துச் சின்னக் குவளையில் போட்டார்கள். குவளை நிறைந்து, கொஞ்சம் மீந்தது. "இன்னொரு தரம் குவிங்க, இப்ப சரிஞ்சிருச்சு" என்றார் அதிகாரி, நாற்காலியிலிருந்து எழுந்து வந்து. இரண்டாம் முறை அளவு வேறாக வந்தது. குவித்தால் ஆளுக்கு ஆள் மாறும் என்று பிள்ளைகளே சொன்னார்கள். வஹிதா அட்டையைத் திருப்பி, காவேரியின் கேள்வியைத் தேதியோடு எழுதினார்.

அதிகாரி அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பார்வைப் பதிவேட்டில், ‘தயாரிப்பு உண்டு. குறிப்பேடு இல்லை. திங்கள் முதல் எழுத வேண்டும்’ என்று எழுதினார்.

மெமோ இல்லை. ஆனால் ஞாயிறு பறிபோகப் போகிறது.

"நோட்டுல எவ்வளவு எழுதணும்னு விதி இருக்குதுங்களா சார்?"

அவர் பதிவேட்டை மூடினார். "அப்படி எதுவும் இல்லீங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

திங்கள் காலை புது நோட்டு ராஜப்பன் மேசைக்கு வந்தது. ‘ஐந்தாம் வகுப்பு, கணக்கு: அட்டை 41, 42.’ பக்கம் முழுவதும் அப்படியே.

"என்னங்க டீச்சர் இது, பஸ் நம்பர் மாதிரி! உள்ள என்ன இருக்குதுன்னு தெரியாம எப்படிங்க கையெழுத்துப் போடறது?"

அட்டைகளுக்கு முந்தைய வருடங்களில் முழுநீளக் குறிப்புகளில் ஒரு வரிகூடப் படிக்காமல் கையெழுத்துப் போட்டவர் அவர். வஹிதா பெட்டியை அவர் பக்கம் நகர்த்தினார். ராஜப்பன் நாற்பத்தொன்றை எடுத்தார், படித்தார், திருப்பினார். வழிபாட்டுக்கு மணி அடித்தபோதும் அவர் அட்டையின் பின்பக்கத்தைப் படித்துக்கொண்டிருந்தார்.