சூசைமாணிக்கம் சார் வீட்டு ஸ்கைப் கிறிஸ்துமஸ்

திண்டுக்கல் நாகல் நகரில் சூசைமாணிக்கம் சாரிடம் படித்தவர்களைக் கேட்டால் ஒரே மாதிரிதான் சொல்வார்கள். வீட்டுப்பாடம் எழுதாதவனை அவர் விட்டுவிடுவார். மணி அடித்த பிறகு வந்தவனைக்கூட ஒரு முறை முறைத்துவிட்டு உள்ளே விடுவார். பொய் சொன்னவனை மட்டும் விடமாட்டார். கொடிக்கம்பத்துக்குக் கீழே வெயிலில் நிற்க வைப்பார். அப்படிப்பட்ட மனிதர், தலைமையாசிரியராக ஓய்வு பெற்று ஐந்து வருஷம் கழித்து, 2008 கிறிஸ்துமஸ் காலையில் சொந்தப் பேரனைப் பக்கத்து வீட்டுப் பிள்ளை என்று சொன்னார்.

அவருக்கு இரண்டு மகன்கள். மூத்தவன் பிராங்கிளின் படிப்பில் சூரன். தொண்ணூற்று ஒன்பதில் அமெரிக்கா போனான். அன்றிலிருந்து அந்த வீட்டில் கிறிஸ்துமஸ் என்றால் பிராங்கிளினோடு பேசுவதுதான். முதலில் எஸ்.டி.டி. பூத்தில், புதுத்துணி கசங்கக் கசங்க வரிசையில் நின்று, ஆளுக்கு அரை நிமிஷம். பிறகு ஜெகபர் அலியின் பிரவுசிங் சென்டரில். "சார் வீட்டுப் பெருநாளு, மொதக் கேபினு சாருக்குத்தான்" என்று ஜெகபர் அலி யாரையும் உள்ளே விடமாட்டார். 2007இல் வீட்டுக்கே கம்ப்யூட்டரும் ஸ்கைப்பும் வந்துவிட்டன. இங்கே கிறிஸ்துமஸ் காலை ஏழரை என்றால் அங்கே முந்தின ராத்திரி ஒன்பது. இரண்டு பக்கமும் கேக்கை வைத்துக்கொண்டு ஒன்று, இரண்டு, மூன்று சொல்லி வெட்டுவார்கள். குரல் தாமதமாகப் போவதால் ஒரு வருஷம்கூட ஒன்றாக வெட்டியதில்லை. ஆனாலும் வெட்டுவதும் கைதட்டுவதும் நிற்கவில்லை.

இளையவன் கிளெமென்ட். வடமதுரையில் போர்வெல் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருந்தான். கைராசிக்காரன். பூத்தில் வரிசை பிடித்தது அவன். வீட்டுக் கம்ப்யூட்டரைப் பெட்டியிலிருந்து எடுத்து மாட்டியதும் அவன்தான். சாருக்கு எந்தப் பட்டனை எதற்கு அமுக்குவது என்று இன்றுவரை தெரியாது.

கிளெமென்ட் 2005இல் அறிவுச்செல்வியைக் கல்யாணம் செய்துகொண்டான். அய்யலூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பெண், இந்து. பதிவுத் திருமணம். சார் போகவில்லை. பங்குச்சாமியாரிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் ஆயரிடம் அனுமதி வாங்கிக் கோயிலிலேயே நடத்தி வைத்திருப்பார். சார் கேட்கவில்லை. வீம்பு. மூன்று ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஓலை வாசித்து, இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை இருந்தால் சொல்லுங்கள் என்று ஊருக்கு அறிவித்த பிறகு நடப்பதுதான் அவர் கணக்கில் கல்யாணம்.

அடுத்த வருஷம் பிராங்கிளினுக்குப் பெண் பார்த்தபோது, ஷைனியின் அப்பா பாக்கியராஜ், "சின்னவருக்கு எப்ப?" என்று கேட்டார். உண்மையைச் சொன்னால் சம்பந்தம் தட்டிப்போகுமோ என்ற பயத்தில், "இன்னும் ஆகல" என்றார் சார். ஓலை வாசிக்கவில்லை, ஆகவே கல்யாணம் ஆகவில்லை, ஆகவே இது பொய்யில்லை. இப்படி ஒரு கணக்கை வகுப்பில் எந்தப் பையனாவது போட்டிருந்தால் கொடிக்கம்பத்துக்கு அனுப்பியிருப்பார். ஷைனிக்கு உண்மை சீக்கிரமே தெரிந்துவிட்டது. தெரியாதவர் பாக்கியராஜ் ஒருவர்தான். அந்த ஒருவருக்காக கிளெமென்ட்டின் குடும்பத்தையே மறைத்து வைத்திருந்தார்கள்.

2008 டிசம்பரில் ஷைனியின் பேறுகாலத்துக்காகப் பாக்கியராஜும் அமெரிக்கா போயிருந்தார். கிறிஸ்துமஸ் காலையில் கிளெமென்ட் பெண்டாட்டி பிள்ளையோடு டி.வி.எஸ். ஃபிப்டியில் வந்து இறங்கியதுமே சார் அவனை வாசலுக்கு அந்தப் பக்கம் கூட்டிக்கொண்டு போனார்.

"ஏலே, சம்பந்தி அங்கதான் இருக்காரு. செல்விய செத்த நேரம் அடுப்படியிலயே இருக்கச் சொல்லு. புள்ளையையும் பாத்துக்கச் சொல்லு."

கிளெமென்ட் அவர் முகத்தைப் பார்த்தான். "சரிப்பா" என்றான்.

அறிவுச்செல்வி காதிலும் அது விழுந்தது. சேலையை இடுப்பில் சொருகிக்கொண்டு கறிக்கு மசாலா அரைக்கப் போய்விட்டாள். அவள் முகம் சுளித்திருந்தால் சாருக்கு லேசாக இருந்திருக்கும்.

ஏழரைக்கு அமெரிக்கா வந்தது. ஆனால் படம் வந்து வந்து போயிற்று. கேமராவின் ஒயர் பின்பக்கம் பொருந்துகிற இடத்தில் ஆடிக்கொண்டிருந்தது. கிளெமென்ட் மேசைக்கு அடியில் குனிந்து உட்கார்ந்து, ஒயரைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டான். படம் நின்றது. அவனுடைய புதுச்சட்டை முதுகு மேசையில் இடித்துக்கொண்டிருந்தது.

பிராங்கிளின், பிறந்து பதினைந்து நாளான குழந்தையைத் தூக்கிக் காட்டினான். சாரின் மனைவி அன்னாள் திரைக்கு முத்தம் கொடுத்தாள், பிறகு குடிலைக் காட்டினாள். கேக் வழக்கம்போல் முன்னே பின்னே வெட்டப்பட்டது. பாக்கியராஜ் முன்னால் வந்து உட்கார்ந்தார்.

"சம்பந்தி, சின்னவரு எங்க? ஆளையே காணோம். எங்க சொந்தத்துல ஒரு நல்ல பொண்ணு இருக்கு. டீச்சர் ட்ரெயினிங் முடிச்சிருக்கு. பேசலாமா?"

சார் மென்று முழுங்கினார். மேசைக்கு அடியில் மகன் இருக்கிறான். காலை நீட்டினால் அவன்மேல் படும். "அவன் வெளிய போயிருக்கான். பாப்போம், பாப்போம்" என்றார்.

அந்த நேரம் பார்த்து ஆல்வின் ஓடி வந்தான். கிளெமென்ட்டின் மகன், இரண்டரை வயசு. அடுப்படியில் அம்மா கையைக் கழுவும் நேரத்தில் நழுவி வந்துவிட்டான். நேராகத் தாத்தா மடியில் ஏறி உட்கார்ந்தான். திரையைப் பார்த்துக் கையை ஆட்டினான்.

"அட, யாருங்க இந்தப் பய? துறுதுறுன்னு இருக்கான்" என்றார் பாக்கியராஜ்.

அமெரிக்காவில் பிராங்கிளின் சட்டென்று தலையைக் குனிந்துகொண்டான். அன்னாள் சாரையே பார்த்தாள். சொல்லிவிடுவார் என்றுதான் அவள் நினைத்தாள்.

"பக்கத்து வீட்டுப் புள்ள" என்றார் சார்.

சொன்ன மாத்திரத்தில் படம் அணைந்துவிடும் என்று எதிர்பார்த்தார். அணைந்துவிட்டால் நல்லது என்றும் நினைத்தார். கிளெமென்ட் விரலை எடுத்தால் போதும். அவன் எடுக்கவில்லை. பாக்கியராஜ் அங்கே விழுந்த பனியைப் பற்றிச் சொன்னார், ஷைனி வந்து பேசினாள், எல்லோரும் சேர்ந்து ஒரு செபம் சொன்னார்கள். இன்னும் இருபது நிமிஷம், படம் ஒரு தடவைகூட ஆடாமல் தெளிவாக இருந்தது. மடியில் பேரன் கதகதப்பாக உட்கார்ந்திருந்தான். சாருக்குக் கூசியது. அவனை இறக்கிவிடவும் முடியவில்லை, இறுக்கிப் பிடிக்கவும் முடியவில்லை.

முடிந்ததும் கிளெமென்ட் வெளியே வந்து வேட்டியைத் தட்டிக் கட்டினான். அவன் கட்டைவிரலில் ஒயர் அழுந்திய தடம் இருந்தது.

"அப்பா, ஒயர் ஒண்ணுதான் கோளாறு. புது ஒயர் வாங்கிக் குடுத்து விடுறேன். அதுக்கப்பறம் நான் இல்லாமயே நீங்க பேசிக்கலாம். எதை அமுக்கணும்னு எழுதி வச்சுட்டுப் போறேன்."

எழுதியும் வைத்தான். அறிவுச்செல்வி குழம்பை இறக்கி மூடிவைத்தாள். "வாரேன் அத்தை" என்றாள். அவரிடமும் "வாரேன் மாமா" என்றாள். "சாப்ட்டுப் போங்கடா" என்று அன்னாள் கெஞ்சியது வாசல் வரைக்கும் கேட்டது. வண்டி போய்விட்டது.

அன்னாள் உள்ளே வந்து அவர் எதிரே நின்றாள். அவளுக்குக் கண் சிவந்திருந்தது.

"சனிக்கெழம பாவசங்கீர்த்தனத்துக்குப் போயி பொய் சொன்னேன்னு சாமியார்கிட்டச் சொல்லிருவீங்க. அவரும் பத்து அருள் நிறை மரியே சொல்லச் சொல்லிட்டு விட்டுருவாரு. அடுப்படியில நின்னாளே, அவகிட்ட யாரு சொல்றது?"

சனிக்கிழமையைத்தான் அவர் நினைத்துக்கொண்டிருந்தார். அது அவளுக்குத் தெரிந்துவிட்டது. எழுந்து செருப்பைத் தேடினார்.

அன்னாளே சோறும் குழம்பும் தூக்குவாளியில் போட்டுக் கையில் கொடுத்தாள். பதினொரு மணிக்குத் திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் திருச்சி போகிற பஸ்ஸில் ஏறினார். பண்டிகை நாள், பஸ்ஸில் பாதிப் பேர் அவருக்குத் தெரிந்தவர்கள். "மெரி கிறிஸ்மஸ் சார், எங்க கெளம்பிட்டீங்க?" என்று ஒருத்தி கேட்டாள். "வடமதுரை வரைக்கும்" என்றார். யாரைப் பார்க்க என்று அவள் கேட்டுவிடக் கூடாதே என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். திரும்பியபின்தான் இன்னொரு தடவையும் அதையே செய்துவிட்டோம் என்று உறைத்தது. எழுந்து அவளிடம் போய்ச் சொல்லலாமா என்றிருந்தது. எழுந்திருக்கவில்லை.

கடைக்குப் பின்னால் வீடு. மகனுக்குக் கல்யாணம் ஆகி மூன்று வருஷத்தில் அவர் அந்தப் படியேறியது அதுதான் முதல் தடவை. நாகல் நகரில் சாப்பிடுவதாக நினைத்து இங்கே எதுவும் சமைத்து வைக்கவில்லை. அறிவுச்செல்வி அப்போதுதான் ரசம் கூட்டிக்கொண்டிருந்தாள். அவரைப் பார்த்ததும் அவசரமாக எழுந்து நாற்காலியைத் துடைத்துப் போட்டாள்.

"வாங்க மாமா. வெயில்ல பஸ்ஸுலயா வந்தீங்க?"

சார் தூக்குவாளியை நீட்டினார். அவள் வாங்கி இலை போட்டாள். அவள் சமைத்த குழம்பை அவளே அவருக்குப் பரிமாறினாள். பக்கத்து வீட்டு ஜெய்தூன் பீவி ஒரு தட்டில் வாழைப்பழம் கொண்டுவந்தவர், புது ஆளைப் பார்த்து வாசலிலேயே நின்றார்.

"யாரு செல்வி, விருந்தாளியா?"

"எங்க மாமனாரு, அக்கா" என்றாள் அறிவுச்செல்வி, கரண்டியைக் கீழே வைக்காமலேயே. "ஆல்வினோட தாத்தா. எட்மாஸ்டரா இருந்தாங்க."

யோசிக்கவே இல்லை அவள். ஊர் பேர் கேட்டால் சொல்வதுபோல் சொன்னாள். சார் பிசைந்த சோற்றை இலையிலேயே விட்டார். எச்சில் கையோடு மகனைப் பார்த்தார்.

"கிளெமென்ட்டு, அமெரிக்காவுக்கு ஒரு போன் போடுப்பா. சம்பந்திகிட்ட இப்பவே சொல்லிடுறேன்."

கிளெமென்ட் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான். மணி ஒன்று.

"அங்க இப்ப நடுச்சாமம்ப்பா. எல்லாரும் தூங்குவாங்க. அவுகளுக்கு அப்பறம் சொல்லிக்கலாம். நாங்க எதுக்க தான இருக்கோம். எங்ககிட்டப் பேசுங்க."

அறிவுச்செல்வி தலையைக் குனிந்தபடி இலையில் இன்னும் கொஞ்சம் சோறு வைத்தாள். மூன்று வருஷமாக அவளோடு அவர் ஒரு வார்த்தை பேசியதில்லை. சூசைமாணிக்கம் சாருக்கு எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.