தலைகீழாகப் பார்த்த தகடு

தாளைத் தலைகீழாகத் திருப்பி வைத்த பிறகுதான் வெர்லீன் அம்மாள் காபிக் கோப்பையைத் தொடுவார். ஒரு கண்ணை மூடி, மறு கண்ணைச் சுருக்கி, கொண்டையில் செருகிய பென்சிலை உருவி எங்கோ ஒரு புள்ளி வைப்பார். அதற்குள் காபி ஆறி அவலாகியிருக்கும்.

ஹூஸ்டனில், விண்கலங்களுக்கு எழுத்து வரையும் அறையில் ஏழு வருடமாக வேலை. அதற்கு முன்பு மருந்துக் கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதினார். வரைவதை வாசிக்கவே மாட்டார். "படிச்சா அர்த்தம் வந்து கண்ணை மறைச்சிடும். எனக்கு வடிவம் மட்டும் போதும்."

நிலாவில் இறங்கும் கலத்தின் காலில் பொருத்த ஒரு எஃகுத் தகடு. அதற்கு நீதிமன்றக் கல்வெட்டு மாதிரி, முனைக்கு முனை வால் வைத்த ஆங்கில எழுத்துதான் வேண்டும் என்றார் மேலாளர் வெண்டல். வெர்லீன் அம்மாள் வாலில்லாத, வெறுங்கோட்டு எழுத்தை நீட்டினார். "கலத்துக்குள்ள சுவிச்சுக்குச் சுவிச்சு இதே எழுத்துதான் இருக்கு. அவ்வளவு தூரம் போற புள்ளைங்க பழகின முகத்தைப் பாக்கட்டுமே." வெண்டல் இரண்டு நாள் முறைத்துவிட்டு ஒத்துக்கொண்டார்.

ஆனால் செதுக்கப்போகும் அன்று காலை வரைபடம் சிவப்புப் பென்சில் கீறல்களோடு திரும்பி வந்தது. எழுத்துக்கு எழுத்து இடைவெளியை அளவுகோலால் அளந்து, எல்லாவற்றையும் ஒன்றுபோலத் திருத்தி வரைந்திருந்தார் வெண்டல்.

அம்மாளின் முகம் சிவந்துவிட்டது. "அளவுகோலை யார் தம்பி கேட்டா?"

"மிஸ் வெர்லீன், 'எல்'லுக்கும் 'ஏ'வுக்கும் நடுவுல நீங்க விட்ட இடம் மத்ததுல பாதி கூட இல்ல. நான் அளந்தேன்."

"அளந்தீங்க. பாத்தீங்களா?"

"மதியம் செதுக்கணும். இதுக்கெல்லாம் நேரமில்ல. அங்க போய் யாரு படிக்கப்போறா?"

"அங்க மழை கிடையாது, துரு கிடையாது. தப்புப் பண்ணினா அது அப்படியே நிக்கும், நாம போன பிறகும்." அழுகையை மறைக்கத் தாளைத் தலைகீழாகத் திருப்பி வெண்டல் முன்னால் தள்ளினார். "படிக்காதீங்க. சும்மா பாருங்க."

வெண்டல் குனிந்தார். 'எல்'லின் படுகோட்டை ஒட்டி வெற்றிடம். 'ஏ'யோ அதைவிட்டு விலகிச் சாய்ந்து நிற்கிறது. நடுவில் பல் விழுந்த வாய் மாதிரி ஒரு ஓட்டை. ஒரே சொல் இரண்டாய்ப் பிளந்து கிடந்தது.

"சரியா அளந்தா தப்பாத் தெரியுதே?"

"இந்த வேலைக்குக் கண்ணுதான் தம்பி மேஸ்திரி."

வெண்டல் ரப்பரை எடுத்துத் தன் சிவப்புக் கீறல்களைத் தானே அழித்தார். அம்மாள் அவர் பக்கம் தன் காபியை நகர்த்தினார். ஆறிப்போன காபிதான்.

ஜூலை மாதம் ஒரு காலை, நிலாவுக்குப் போன அந்தத் தகட்டின் படம் செய்தித்தாளில் வந்தது. வெர்லீன் அம்மாள் தாளைத் திருப்பிப் பிடித்து, ஒரு கண்ணை மூடினார்.

"தலைகீழாப் பிடிச்சிருக்க," என்றார் முட்டையைத் தின்றுகொண்டிருந்த கணவர் ஆர்வில்.

அம்மாள் 'எல்'லையும் 'ஏ'யையும் வெகுநேரம் பார்த்தார். பிறகு தாளை நேராக்கி, மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பள்ளிப் பிள்ளை போல விரலை வைத்து, உதடு அசைய, முதல் முறையாக அதை வாசிக்கத் தொடங்கினார்.