ஒதுங்க ஓர் இடம்

எனக்குக் கோபம் வந்தால் முதல் திட்டு எனக்குத்தான். எழுபதுகளில் தூத்துக்குடித் துறைமுகத்துப் பக்கம் ஒரு கப்பல் கம்பெனியில் டைப்பிஸ்ட் வேலை பார்த்த பெண் நான். இங்கிலீஷில் அடிக்கத் தெரியும் என்பதால் தெருவில் யாருக்கு என்ன மனு வேண்டுமென்றாலும் என்னிடம் வந்துவிடுவார்கள். அப்படித்தான் எதிர்வீட்டு அக்கா வந்தாள். உப்பளத்தில் உப்புச் சுமக்கிறவள்.

எங்கோ வெளிநாட்டில் சில பெண்கள் கேக் சுட்டு விற்று, அந்தப் பணத்தை உரிமை கேட்கிற பெண்களுக்கு அனுப்புகிறார்களாம். கன்னியர் மடத்துச் சிஸ்டர் அவளிடம் சொல்லியிருந்தார். என்ன வேண்டும் என்று எழுதிப் போட வேண்டும், அவ்வளவுதான்.

"ஒங்களுக்கு என்னக்கா வேணும்?"

"ஒதுங்க ஒரு எடம் வேணும் ளா. இத்தனை பொம்பளைக கெடந்து சாவுதோம்."

உப்பளத்தில் மருந்துக்கும் மரம் கிடையாது. எனக்கு உடனே புரிந்துவிட்டது. ஆமாம், கிழித்தேன்! மழைக்கு ஒதுங்குகிற மாதிரி வெயிலுக்கு ஒதுங்க நிழல் கேட்கிறாள் என்று நினைத்து, மறுகேள்வி கேட்காமல் 'ஷெல்டர்' என்று அடித்தேன். அதோடு விட்டேனா? உழைக்கும் பெண்ணின் ஓய்வுரிமை என்று அரைப்பக்கம் அளந்தேன். பெண்களின் உபயோகத்துக்கு மட்டும் என்றும் ஒரு வரி சேர்த்தேன், எடுப்பாக இருக்கட்டுமே என்று. கீழே அக்கா கையெழுத்துப் போட்டாள். இடம் தருவதாக உப்பளத்து முதலாளியும் போட்டார்.

சில மாதத்தில் பணம் வந்தது. அளத்துக் கணக்கப்பிள்ளை முன்னால் நின்று, போகிறவர் வருகிறவர் கண்ணில் படும்படி ரோட்டோரத்திலேயே நாலு கம்பு நட்டு ஓலை வேய்ந்தார். திறப்பு விழாவுக்குக் கலர் சோடா கொடுத்தார்கள். முதலாளிக்கு மாலை விழுந்தது. கூட்டம் கலைந்ததும் அக்கா என் கையைப் பிடித்து இழுத்தாள்.

"தட்டி பொறவு அடிப்பாகன்னு பாத்துக்கிட்டே இருந்தேன். ஏளா, ஒதுங்க எடம் கேட்டா நாலு பக்கமும் தொறந்து போட்டுல்லா கட்டியிருக்கீக! லாரிக்காரன் பாக்க இதுக்குள்ள போயி இருக்கவா?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. என்னையே திட்டிக்கொண்ட ஆத்திரத்தில் அவள்மேலும் பாய்ந்தேன். "கக்கூஸுன்னு ஒடச்சுச் சொல்லியிருக்கக் கூடாதாக்கா?"

"சொன்னேன்லா! பொம்பளை இதுக்கு மேல எப்படிச் சொல்லுவா?"

விடியுமுன் இருட்டில் ஒதுங்கினால் மறுபடி இருட்டிய பிறகுதான். அதனால் பகல் முழுக்க அந்தப் பெண்கள் தண்ணீர் குடிப்பதில்லை. வாயைக் கொப்பளித்துத் துப்பிவிடுவார்கள். அக்காவுக்கு ஓயாத நீர்க்கடுப்பு. இரண்டு தடவை காய்ச்சலில் விழுந்துவிட்டாள். தண்ணீர் குடிக்காவிட்டால் கிட்னி போய்விடும் என்றார் டாக்டர். இன்னொரு தடவை படுத்தால் வேறு ஆள் போட்டுவிடுவேன் என்றார் கணக்கப்பிள்ளை.

"குடிச்சா எங்கன போவேன்? குடிக்கலேன்னா செத்துப் போவேன். நீயே சொல்லு."

பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கைப் பிடித்து வைத்தவளே நான்தான். இன்னொரு மனு போடலாமா என்று சிஸ்டரிடம் ஓடினேன். ஒரு தடவை பணம் வாங்கியவர்களுக்கு மறுபடி ஒரு வருஷம் கழித்துத்தானாம். அதற்குள் பந்தலில் கணக்கப்பிள்ளை நாற்காலி போட்டுவிட்டார், லாரிக்காரர்கள் சீட்டாட உட்கார்ந்துவிட்டார்கள். எங்கேயோ எவளோ அடுப்பில் வெந்து கேக் சுட்டு அனுப்ப, இங்கே இவர்கள் நிழலில் சீட்டு இறக்குகிறார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பெண்கள் கடப்பாரையோடு போய்க் கம்புகளைப் பிடுங்கினார்கள். நானும் போயிருந்தேன். கணக்கப்பிள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடி வந்தார்.

"யாரைக் கேட்டுப் புடுங்குதீக? இது மொதலாளி எடம்!"

"எடம் மொதலாளிக்கு அண்ணாச்சி. கம்பும் ஓலையும் எங்களுக்கு வந்தது. பேப்பர்ல என் கையெழுத்துல்லா இருக்கு."

அவர் என் பக்கம் திரும்பினார். "படிச்ச பிள்ளை, நீயாவது சொல்லும்மா."

மனுவின் நகலை விரித்து அந்த ஒரு வரியைப் படித்தேன். பெண்களின் உபயோகத்துக்கு மட்டும். கீழே முதலாளி கையெழுத்தையும் காட்டினேன். அரைப்பக்க அளப்பில் உருப்படியாக எழுதியிருந்தது அது ஒன்றுதான். கணக்கப்பிள்ளை முனகிக்கொண்டே நாற்காலியைத் தூக்கிப் போனார்.

கம்பைக் கொண்டுபோய் அளத்தின் கடைக்கோடியில் நட்டு, குழி வெட்டி, கூரை ஓலையை நாலு பக்கமும் தட்டியாக வைத்துக் கட்டினார்கள். மேலே மூட ஓலை பற்றவில்லை.

"தொறந்தே கெடக்கட்டும். காக்கா பாத்தா பாத்துட்டுப் போவுது," என்றாள் அக்கா.

கேக் சுட்ட அம்மாக்களுக்கு நடந்ததை நடந்தபடி எழுதினேன். இந்தத் தடவை கக்கூஸ் என்றே அடித்தேன்.

மறுநாள் அரை நாள் லீவு போட்டுவிட்டு அளத்துக்குப் போனேன். உச்சி வெயில். தலைச்சுமையை இறக்கிவிட்டு அக்கா தண்ணீர்ப் பானைப் பக்கம் வந்தாள். ஒரு செம்பு தண்ணீர் கோரிக் கொடுத்தேன். கொப்பளிக்கத்தான் போகிறாள் என்று நினைத்தேன். அண்ணாந்து, மடக்மடக்கென்று அத்தனையும் குடித்தாள். முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு செம்பை என்னிடம் நீட்டினாள்.

"இன்னொரு செம்பு கோரு ளா."