செம்பனுக்குக் கொடுத்த ஒரு நாள்

ஒரு சாண் உயரம் இல்லாத பூனைக்குட்டியை எங்கள் ஒழுங்கைச் சனமே கூடி நாடு கடத்தப் பார்த்ததை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.

தொண்ணூற்றிரண்டாம் ஆண்டு. இணுவிலில் மின்சாரம் நின்று இரண்டு வருடம் ஆகியிருந்தது. எங்கள் ஒழுங்கையில் பூரணம் ரீச்சர் வீட்டு வானொலி மட்டும்தான் பாடியது. அதுவும் சைக்கிளை ஸ்ராண்டில் நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றினால், டைனமோவில் வரும் மின்சாரத்தில். பின்னேரச் செய்திக்குப் பத்துப் பேர் வந்துவிடுவார்கள். சுற்றுவது பக்கத்து வளவுக்காரனான நான். நாற்காலி எப்போதும் ஒழுங்கையில் மூத்தவரான நமசிவாயம் அண்ணைக்கு.

ரீச்சர் இருபத்தாறு வருடம் பாலர் வகுப்புப் படிப்பித்தவர். பிரம்பைத் தொட்டதில்லை. மழை நாளில் பிள்ளைகளை மண்டபத்தில்கூட ஓட விடாத ஓர் அதிபரோடு சண்டை பிடித்து, ஆறு மாதம் அவரோடு கதைக்காமல் இருந்தவர். வீட்டில் அவருக்குத் துணை செம்பன் என்ற மூன்று மாதக் குட்டி ஒன்றுதான்.

செம்பன் சும்மா இராது. சைக்கிள் சில்லு சுற்றினால் பாயும். டைனமோவிலிருந்து வானொலிக்குப் போகும் வயர் ஆடினால் கடிக்கும். நமசிவாயம் அண்ணையின் வேட்டி நுனியில் தொங்கும்.

"உதுக்குப் பேய் பிடிச்சிருக்கு ரீச்சர். கடகத்தாலை மூடி வையுங்கோ" என்றார் அவர்.

வந்தவர்களின் முகத்துக்காக ரீச்சரும் காலையிலேயே குட்டியைக் கடகக் கூடையால் மூடி, மேலே கல்லும் வைத்தார். மூன்றாம் நாள் கல்லையும் தள்ளிக்கொண்டு வெளியே வந்த குட்டி, செய்தி நடுவில் வயரைப் பிடுங்கிவிட்டது.

"நாளைக்கு ஓலை உமல் கொண்டு வாறன். உள்ளுக்கை போட்டுக் கட்டினால் திரும்பி வர வழி தெரியாது. சுன்னாகம் சந்தையிலை விட்டிட்டு வாறன்" என்று நமசிவாயம் அண்ணை எழும்பினார். எல்லோரும் தலையாட்டினார்கள். இரண்டு பிள்ளைக்குத் தகப்பன், நானும் வாயைத் திறக்கவில்லை. அந்த வெட்கமும் இந்தக் கோபத்தில் சேர்த்தி.

ரீச்சருக்கு முகம் சிவந்துவிட்டது. "பகல் முழுக்க அடைச்சு வைச்சிட்டு, பின்னேரம் அடங்கி இரு எண்டால் எந்தப் பிள்ளை இருக்கும்? ஓடுற வயசு அண்ணை அது. பிழை எங்களிலை. எனக்கு நாளைக்கு ஒரு நாள் தாங்கோ."

"சரி. நாளைக்கும் வயர் கழண்டால் உமல்தான்."

மறுநாள் கடகம் சுவரில் தொங்கியது. ரீச்சர் கீழே விழுந்த ஒரு தென்னங்குரும்பட்டியை நூலில் கட்டி, முற்றம் முழுக்க இழுத்துக்கொண்டு நடந்தார். அறுபது வயது மனுஷி, அரை மணித்தியாலம். செம்பன் பதுங்கியது, பாய்ந்தது, குட்டிக்கரணம் போட்டது.

"கடைசியிலை பிடிக்க விடவேணும். பிடிபடாமல் நிப்பாட்டினால் பிறகு எங்கடை கால்தான் அதுக்கு எலி" என்று எனக்குச் சொன்னார். பிறகு இரண்டு சூடைமீன் தலை வைத்தார். தின்று, நக்கித் துடைத்துக்கொண்டு குட்டி அரிசி புடைக்கும் சுளகில் ஏறிப் படுத்தது.

நமசிவாயம் அண்ணை உமலோடு வந்து, அதை நாற்காலிக்குக் கீழே வைத்தார். நான் பெடலைச் சுற்றினேன். போரால் மூடிக் கிடந்த யாழ்ப்பாணப் பாதையைத் திறக்கப் போகிறார்கள் என்று செய்தி சொன்னதும் அவர் துள்ளி எழும்பினார்.

"பொய்! முழுப் பொய்!"

வானொலி நின்றுவிட்டது.

"பாத்தியளோ, உந்தப் பூனை!" என்றார் அவர்.

எல்லோரும் சுளகைப் பார்த்தோம். செம்பன் வயிற்றை மேலே காட்டிக்கொண்டு நல்ல நித்திரை. கழன்ற வயர் நமசிவாயம் அண்ணையின் கால் பெருவிரலில் கொழுவியிருந்தது.

ரீச்சர் குனிந்து, நாற்காலிக்குக் கீழிருந்த உமலை இழுத்தெடுத்து அதன் வாயை விரித்துப் பிடித்தார்.

"வயர் கழண்டால் உமல் எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள். ஏறுங்கோ அண்ணை."