கிழக்கே போகாத மண்

யாவா பிறந்தது தோவினுவில். வாழ்க்கைப்பட்டது அமேகோபேயில். அடுப்பில் களி ஏற்றிவிட்டுக் கடலோரமாக நடந்தால், அது வேகுமுன் ஒரு ஊரிலிருந்து இன்னொரு ஊருக்குப் போய்விடலாம். மேற்கே அமேகோபே, கிழக்கே தோவினு. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் காயல், நடுவில் ஒரு பட்டை மணல். வீடும் அதில்தான், இடுகாடும் அதில்தான்.

அந்தக் கரையில் ஒரு வழக்கம் உண்டு. பெண் எந்த ஊரில் பிள்ளை பெற்றாலும், எந்த ஊரில் கிழவியானாலும், செத்தபின் அப்பன் வீட்டு மண்ணுக்குத்தான் போகவேண்டும். புருஷன் வீட்டார் அவளைத் தங்கள் இடுகாட்டில் வைக்கமாட்டார்கள். யாவாவுக்கும் தோவினுவில் இடம் இருந்தது. அவளே பார்த்து வைத்த இடம், அப்பாவின் குழிக்குப் பக்கத்தில், இரண்டு தென்னைக்கு நடுவே. வருஷா வருஷம் போய்ப் புல் பிடுங்கிவிட்டு வருவாள்.

புருஷன் போனபிறகும் அமேகோபேயிலேயே இருந்துவிட்டாள். மீன் வாட்டும் அடுப்புகள் இருந்தன, கரையில் நின்று இழுக்கும் கரைவலையின் மீனை வாங்கும் பெண்களுக்கு அவள்தான் தலைவி. வலை கரையேறினால், யாவா வாயைத் திறந்து விலை சொல்லும்வரை ஒரு கூடை நகராது. அப்படிப்பட்டவளையும் சண்டை வந்தால் ஊர்க்காரர்கள் "வந்தவ" என்று ஒரு சொல்லில் உட்காரவைத்து விடுவார்கள். அந்தச் சொல் அவளுக்கு மீன் முள்மாதிரி தொண்டையிலேயே நின்றது.

கடல் முதலில் முன்தெருவைத் தின்றது. பிறகு கோயிலைத் தின்றது. யாவாவின் அடுப்புகளில் பாதியைத் தின்றபோது அரசாங்கத்துக்குக் கண் திறந்தது. ஒபெங் என்ற பொறியாளர் வந்தார். பள்ளிக்கூடக் கொட்டகையில் கூட்டம். தோவினுவிலிருந்து யாவாவின் தம்பி செனானுவும் வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தான். அந்த ஊர்க் கரைவலைக்கு அவன்தான் சொந்தக்காரன்.

ஒபெங் நல்ல மனிதர். எதையும் மறைக்கவில்லை.

"கல் சுவர் கட்டினா வீடு நிக்கும். ஆனா சுவத்துக்கு முன்னாடி மணல் நிக்காது. அலை மோதி மோதி அடிமண்ணை வாரிட்டுப் போயிடும்."

அமேகோபே வலைக்குத் தலைவன் தோட்சே எழுந்தான். "அப்ப வலைய எங்க நின்னு இழுக்கறது? சுவத்து மேலயா? வீடு நிக்கும், சரி. வீட்டுக்குள்ள என்னத்தத் திங்கறது?"

"காயலுக்கு அந்தப் பக்கம் எல்லாரும் குடிபோகலாம். செலவு குறைச்சல். கடல் அங்க வர்றதுக்கு ரொம்ப காலம் ஆகும்."

"அங்க என்ன இருக்கு? கொசுவ வலைபோட்டுப் பிடிக்கவா?" என்றாள் யாவா. கொட்டகை சிரித்தது.

"இல்லேன்னா கப்பல்ல மணலை உறிஞ்சிக் கொண்டுவந்து கரையில கொட்டலாம். கரை அகலமாகும், வலையும் இழுக்கலாம். ஆனா சில வருஷத்துக்கு ஒருக்கா திரும்பத் திரும்பக் கொட்டணும்."

"ஒருக்கா வர்றதுக்கே உங்க கால்ல விழ வேண்டியிருந்துச்சு. மறுபடி யாரு வருவா, உங்க பேரனா?"

அவள் கேட்டதில் தப்பில்லை. திரும்பி வருவேன் என்று சொல்லிவிட்டுப் போன எந்த அரசாங்கம் திரும்பி வந்திருக்கிறது?

மிச்சமிருந்தது தூண்டில் வளைவு. கரையிலிருந்து கடலுக்குள் விரல் நீட்டினதுபோல் வரிசையாகக் கல் போடுவது. கடலோடு நகரும் மணல் அதில் முட்டித் தேங்கும். ஊர் ஒரே குரலில் சரி என்றது. ஒபெங் கையைத் தூக்கினார்.

"ஒரு விஷயம். இங்க தேங்கற மணல் சும்மா வர்ற மணல் இல்ல. கிழக்க தோவினுவுக்குப் போக வேண்டியது. அதனால கிழக்குக் கோடியில மட்டும் கல்லு வேணாம், மணலே கொட்டிடறோம். அது கரைஞ்சு அவங்க கரைக்குப் போய்ச் சேரும். ரெண்டாம் கட்டத்துல தோவினுவுலயும் கல்லு போடுவோம்."

கிழக்குக் கோடியில்தான் யாவாவின் அடுப்புகள் இருந்தன. வலை கரையேறும் இடமும் அதுதான்.

அவள் எழுந்து நின்றாள். "ஊருக்கெல்லாம் கல்லு, என் அடுப்புக்கு முன்னாடி மட்டும் மண்ணா? கடல்ல கொட்டின மண்ணு யார் கையில நிக்கும்? நம்ம மண்ண நாம ஏன் அடுத்த ஊருக்கு அனுப்பணும்? கல்லப் போடுங்க."

செனானு எழுந்தான். "அக்கா, இங்க போட்ட வலை எந்தப் பக்கமா ஒதுங்குது? சின்ன வயசிலேருந்து பாக்கறியே. அந்த வலை மாதிரிதான் மண்ணும் வருது."

அவளுக்குத் தெரியும். மேற்கே போடும் வலையைக் கடல் கிழக்கே தள்ளிக்கொண்டு போகும். மேற்குக் கயிற்றைப் பிடித்தவர்கள் இழுத்தபடியே கிழக்கே நகர்ந்துகொண்டிருப்பார்கள். அந்தக் கரையில் நடக்கத் தெரிந்த எல்லாருக்கும் அது தெரியும்.

"உக்காருடா. உங்களுக்கும் வரும்னு சொல்றாரில்ல, ரெண்டாம் கட்டம்."

தோட்சே கை தட்டினான். "கேட்டுக்கோ தோவினு. யாவா எங்க ஊர்க்காரி."

அத்தனை வருஷத்தில் அந்த ஊர் அவளை அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. கொட்டகை முழுக்கக் கை தட்டியது. அவள் தம்பியைப் பார்க்காமல் உட்கார்ந்தாள்.

ஒபெங் ஊர் கேட்டபடியே எழுதிக்கொண்டார். மறுப்பதற்கு அவருக்கு உரிமை இருந்தது. கூட்டத்தில் சண்டை வேண்டாமென்று நினைத்திருப்பார்.

கல் வந்தது. கிழக்குக் கோடியிலும் வந்தது. அமேகோபே கரை அகன்றது. போன அடுப்புகளை யாவா திரும்பக் கட்டினாள். பிள்ளைகள் புது மணலில் பந்து விளையாடினார்கள்.

பிறகு ஆட்சி மாறியது. இரண்டாம் கட்டத்துக்கான பலகையை மட்டும் கொண்டுவந்து தோவினு கரையில் நட்டார்கள். அடுத்த மழைக்காலத்தில் பலகையும் கடலுக்குள் போனது.

தோவினுக்காரர்கள் அரிசிச் சாக்கில் மணலை நிரப்பி வீட்டுக்கு முன்னால் அடுக்கினார்கள். மணல் எங்கே கிடைத்தது? அதே கரையில்தான். வீட்டைக் காப்பாற்ற வீட்டின் காலடியைத் தோண்டினார்கள். பழைய டயர்களைப் புதைத்தார்கள், முள்ளை வெட்டிப் போட்டார்கள். கடல் எல்லாவற்றையும் பிரித்துப் போட்டது. யாவா பார்த்துவைத்த இடத்தின் இரண்டு தென்னையில் ஒன்று சாய்ந்தது என்று சேதி வந்தது. அவள் கிளம்பிப் போனாள். பார்த்துவிட்டு, தம்பி வீட்டுக்குள் நுழையாமலே திரும்பிவிட்டாள்.

கரை செங்குத்தாகிவிட்டது, செனானுவால் வலை இழுக்க முடியவில்லை. ஒருநாள் சாராயப் புட்டியோடு அமேகோபேக்கு வந்தான். அந்தக் கரையில் ஒன்றைக் கேட்டு வருபவன் புட்டியை முன்னால் வைப்பான். மற்றவர் அதை எடுத்துத் தரையில் கொஞ்சம் ஊற்றினால் சம்மதம்.

"வாரத்துல ஒரு முறை உங்க கரையில வலை இழுக்க விடுங்க. மொதக் கூடை உங்களுக்கு."

தோட்சே புட்டியைத் தொடவில்லை. யாவா பொறுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "விடுங்கப்பா. தேங்கிக் கிடக்கறது அவங்க மண்ணுதானே."

"பொறந்த வீட்டுப் பாசம் பேசுது. நீ தோவினுப் பொண்ணு, உனக்கு இதுல பேச்சில்ல," என்றான் தோட்சே.

"அன்னைக்கு உங்க ஊர்க்காரின்னியே."

"அன்னைக்கு நியாயமா பேசின. நம்ம மண்ண ஏன் அனுப்பணும்னு கேட்ட. அதத்தான் நானும் கேக்கறேன்."

சுற்றியிருந்த பெண்கள் கூடையைப் பார்த்தார்கள், கடலைப் பார்த்தார்கள். அவளைப் பார்க்கவில்லை. அவள் விலை சொல்லி வாழவைத்த பெண்கள்.

செனானு புட்டியை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு நடந்தான். கடைசி வளைவு வரைக்கும் யாவா கூடப் போனாள். கல்லுக்கு மேற்கே மணல் கல்லின் தலைவரைக்கும் ஏறியிருந்தது. கிழக்கே ஆள் உயரப் பள்ளம், அடியில் தண்ணீர்.

"அப்பாவத் தூக்கறோம்," என்றான் செனானு. "கெடைச்ச எலும்பெல்லாம் சேத்து காயலுக்கு அந்தப் பக்கம் வைக்கறோம். குடும்பத்துக்கே அங்கதான் இனிமே எடம்."

"எனக்கும் பக்கத்துல ஒண்ணு பாத்து வை."

அவன் கல்லைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"கேட்டேன் அக்கா. நீ கேக்காமலே நம்ம குடும்பத்துப் பெரியவங்ககிட்ட கேட்டேன்."

"என்ன சொன்னாங்க?"

"கல்லு கேட்டவளுக்கு மண்ணு எதுக்குன்னாங்க."

"நீ என்னடா சொன்ன?"

"நான் ஒண்ணும் சொல்லல."

அவன் பள்ளத்தில் இறங்கித் தண்ணீரில் நடந்து போனான். கரையோரம் நடக்கும் வழி அங்கே இப்போது இல்லை.

மாலையில் வலை கரையேறியது. வலையின் மடி நிறைய நெத்திலி. பெண்கள் கூடையோடு யாவாவின் வாயைப் பார்த்து நின்றார்கள். அவள் கையை விட்டு மீனைக் கிளறிப் பார்த்து விலையைச் சொன்னாள்.

"நம்ம ஊர்க்காரி சொன்னா சரியாத்தான் இருக்கும்," என்றான் தோட்சே, கயிற்றைச் சுருட்டிக்கொண்டே.

யாவா தன் கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு அடுப்புக்குப் போனாள்.